மரத்துப் போகிற ஊசி

உச்சிப்பொழுது. உப்பளத்துக் குறுக்குப் பாதை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஈ காக்கை கிடையாது...

என்ன, முகம் சுளிக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், நாய் ஊளை எல்லாம் வேண்டுமா உங்களுக்கு? கரண்ட் போய்விட்டது. மழை கொட்டுகிறது. ஹாஸ்டலில் மிச்சம் இருக்கிற நீங்கள் எல்லோரும் ஒரே பாயில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இருட்டுக்கு இது போதும். என் கதையில் வெயில்தான்.

ஸ்டெபி, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வை, உன் மூச்சிலேயே அணைந்துவிடும் போலிருக்கிறது. இன்னொன்று. இது பிரசவத்தைப் பற்றிய கதை. கேட்கத் தைரியம் இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பாதியில் எழுந்தால் தனியாகத்தான் படியிறங்க வேண்டியிருக்கும்.

யாரும் போகவில்லையா? சரி.

என் சிநேகிதி பத்மப்ரியாவின் அண்ணனுக்கு நடந்தது. அச்யுதன் என்று பெயர். ஆழ்வார்திருநகரிப் பக்கம் பெருமாள் கோயில் தெருவில் பிறந்தவர். மயக்க டாக்டர். பாதிக் கதையை பத்மப்ரியா எனக்குச் சொன்னாள். மீதியை எமில்டா சிஸ்டர் சொன்னாள். எமில்டா பிரசவ அறை நர்ஸ். இரண்டு தடவையும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

அச்யுதனுக்கு என்று சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. போன் வரும், காரை எடுத்துக்கொண்டு ஓடுவார். இங்கே ஒரு சிசேரியன், அங்கே ஒரு குடல்வால். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஊர். நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இதுதான் வழக்கம். கைராசிக்காரர் என்று பேர் வேறு. அந்தப் பேர் அவர் தலைக்கு ஏறிவிட்டது.

வலியில்லாப் பிரசவம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகில் ஊசி போட்டு, முடி மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் வழியாக மருந்து கொடுப்பார்கள். அந்த ஊசி பெரிது. அதனால் அதற்கு முன்னால் தோல் மரத்துப் போக ஒரு சின்ன ஊசி உண்டு. சுருக்கென்று இருக்கும். அப்புறம் எரியும். அப்புறம் மரத்துப் போகும். மரக்கிற வரைக்கும் டாக்டர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். தேநீரை ஆற்றுகிற நேரம் கூட ஆகாது.

அச்யுதன் பொறுக்க மாட்டார்.

அதுவும் கடற்கரைப் பெண்கள் என்றால் சுத்தமாகப் பொறுக்க மாட்டார். "உப்புத் தண்ணில ஊறின தோலு சிஸ்டர். இதுக்கு மரக்கிற ஊசியே தண்டம்," என்பாராம். சிரித்துக்கொண்டே சொல்வாராம். கடலில் இறங்குகிறவன் புருஷன். தோல் தடித்துப் போனது பெண்டாட்டிக்காம். படித்த படிப்பு அப்படி.

ஜீவமணி புன்னைக்காயல்காரி. அவள் புருஷன் ஹென்றி சங்கு குளிக்கப் போகிறவன். முதல் பிரசவத்தில் அவள் செத்துப் பிழைத்திருந்தாள். இரண்டாவதுக்கு ஹென்றிதான் பிடிவாதமாக வலியில்லாப் பிரசவம் வேண்டும் என்று கேட்டு, கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பேர் வேண்டாம். அச்யுதன் கார் வந்து நின்றதும் வாசலிலேயே மறித்தான்.

"முதப் பிள்ளைக்கி அவ கதறுனது இன்னும் என் காதுல கெடக்கு டாக்டர். இந்தத் தடவை வலி தெரியாம பாத்துக்கிடுங்க."

"வழியை விடுப்பா," என்றார் அச்யுதன்.

ஜீவமணியைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் புதைத்து, முதுகை வில்லாக வளைத்து உட்கார வேண்டும். எமில்டா எதிரே நின்று இரண்டு தோள்களையும் பிடித்துக்கொள்வாள். பிடிக்கிறவள் என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் உட்கார்ந்திருப்பவள் அசைவாள். அசைந்தால் ஊசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிரசவ அறை நர்ஸுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

பழுப்பு மருந்தை முதுகில் தேய்த்தார். சின்ன ஊசியைப் போட்டார். ஊசி வெளியே வந்த கையோடு பெரிய ஊசியை எடுத்துவிட்டார்.

"இன்னும் மரக்கல டாக்டர்," என்றாள் ஜீவமணி. "கொஞ்சம் பொறுங்க."

குத்தினார்.

அவள் துள்ளினாள். முதுகில் ஓங்கி ஒரு அடி. "அசையாதேன்னு சொன்னேன்ல?" மறுபடி குத்தினார். மறுபடி துள்ளினாள். "டாக்டர், அவ தாங்க மாட்டுக்கா," என்று எமில்டா சொன்னதற்கு, "நீ பிடி," என்றார். அவருடைய போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆஸ்பத்திரி. ஒருவழியாகக் குழாயை உள்ளே விட்டு, மருந்தை மொத்தமாகக் கொடுத்து, பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கொஞ்சம் மருந்து விட்டுப் பார்ப்பார்களே, அது கூட இல்லை. எமில்டா நிமிர்ந்து பார்க்குமுன் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

முதலில் கால் மரத்தது. அப்புறம் இடுப்பு. ஜீவமணி சிரித்தாளாம். "வலி போயிட்டு சிஸ்டர். இப்பதான் உசிரு வந்துச்சு." அப்புறம் வயிறு மரத்தது. மருந்து போகக் கூடாத இடத்துக்குப் போயிருந்தது. நெஞ்சு... கை... எமில்டாவின் விரலைப் பிடித்திருந்த பிடி தானாக நழுவியது. மூச்சு ஏறவில்லை. கண் மட்டும் இங்கும் அங்கும் ஓடியது. எல்லாம் தெரிகிறது அவளுக்கு, மூச்சு மட்டும் இல்லை. உதடு அசைந்ததைக் குனிந்து கேட்டாளாம் எமில்டா. "மரத்துப் போச்சு..."

அச்யுதனுக்கு போன் மேல் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுப்பதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் ஒழுங்கானவர். மற்ற டாக்டர்கள் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். நீலமாக வந்தது. அழவில்லை.

ஜீவமணிக்குப் பிறவியிலேயே நெஞ்சு பலவீனம் என்று ஹென்றியிடம் சொன்னார்கள். அவன் நம்பினான். தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனான். அன்றைக்கு அச்யுதன் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம். இதை பத்மப்ரியாவே என்னிடம் சொன்னாள். சொந்தத் தங்கைக்கே அது பொறுக்கவில்லை.

ஸ்டெபி, அழாதே. இனிமேல்தான் கதை.

அடுத்த வருஷம் அச்யுதனின் மனைவி அலர்மேல்மங்கை உண்டானாள். வீட்டில் மங்கை என்று கூப்பிடுவார்கள். ரொம்ப நாள் தவம் கிடந்து வந்த கர்ப்பம். மங்கைக்கு ஊசி என்றாலே உடம்பு உதறும், காது குத்தும்போதே மயங்கி விழுந்தவளாம். "உனக்கு ஒரு பொட்டு வலி தெரியாது. என் கையாலயே போடறேன்," என்று அச்யுதன் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குத் தன் கையால் செய்யாதே என்று கூட இருந்த டாக்டர்கள் சொன்னார்கள். என் கைக்கு மேல் யார் கை என்று கேட்டார். மங்கை அந்த வாக்கைத்தான் நம்பியிருந்தாள்.

அவளுக்கு வலி எடுத்த அன்று காலையில் கூட அந்தக் கடலோர ஆஸ்பத்திரியில் ஒரு கேஸ் பார்க்கப் போயிருந்தார். மங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டும். சீக்கிரம் போகலாம் என்று மெயின்ரோட்டை விட்டு உப்பளத்துக் குறுக்குப் பாதையில் காரை இறக்கினார்.

உச்சிப்பொழுது. அளத்து வேலைக்காரர்கள் விடியுமுன் வந்து வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை. கண் கூசுகிறது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நடுங்குகிறது. காற்று கூட இல்லை. கார் சக்கரத்துக்கு அடியில் உப்பு நொறுங்குகிற சத்தம்... நற நற என்று... அது மட்டும்.

வரப்பின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு. தாடையை நெஞ்சில் புதைத்து, எதையோ கட்டிக்கொண்டு, முதுகு வில்லாக வளைந்து... ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி. பின்னால் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. முதுகில் பழுப்பு மருந்து. பிளாஸ்திரி. தோளுக்கு மேல் தொங்கும் குழாய்.

அன்று காலை தன்னிடம் ஊசி போட்டுக்கொண்டவள் எழுந்து ஓடி வந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். அவருக்கு வந்தது கோபம். காரை நிறுத்தி இறங்கினார்.

"ஏம்மா, யாரு நீ? இங்கன எதுக்கு உக்காந்திருக்கே?"

பக்கத்தில் போனார். உப்பு வாடை போய்விட்டது. ஸ்பிரிட் வாடை. ஆஸ்பத்திரி அறைக் கதவைத் திறந்ததும் அடிக்குமே, அது. பழக்க தோஷம், பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் முதுகெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அந்த வெயிலில், அந்த முதுகு ஐஸ்பெட்டியில் கிடந்த மீன் மாதிரி சில்லிட்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"இப்ப மரத்துப் போச்சு டாக்டர். இப்ப குத்துங்க."

குரல் தெரிந்துவிட்டது அவருக்கு. எப்படிக் காருக்குள் வந்தார் என்று தெரியாது. அந்தப் பாதை அளத்தைச் சுற்றி வளைந்து எதிர்ப் பக்கமாகப் போகும். எதிர்ப் பக்கம் வந்ததும் திரும்பிப் பார்த்தார். இங்கிருந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும் இல்லையா?

முதுகுதான் தெரிந்தது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே பிரசவ அறையில் எமில்டா இருந்தாள். ஜீவமணி போன பிறகு பழைய வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்திருந்தாள். முகம் வெளிறி வந்தவரைப் பார்த்து, பெண்டாட்டிக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தாளாம். அவர் குழாயடியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வலது கட்டைவிரலில் தண்ணீர் படுவது அவருக்குத் தெரியவில்லை.

மங்கை கட்டில் விளிம்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எமில்டா தோளைப் பிடித்தாள். அச்யுதன் சின்ன ஊசியைப் போட்டார். இந்தத் தடவை பொறுத்தார். ரொம்ப நேரம் பொறுத்தார். பிறகு ஊசி முனையால் மெல்லத் தொட்டுக் கேட்டார்.

"தெரியறதா?"

"தெரியறது. சுருக்குனு இருக்கு."

இன்னொரு ஊசி. பொறுத்தார். "இப்போ?"

"நன்னாத் தெரியறதுன்னா... ரொம்ப வலிக்கறது."

இன்னும் ஒன்று. மங்கையின் தோல் மரக்கவே இல்லை. அவருடைய விரல்கள் மரத்தன. மங்கைக்கு ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றும்போதும் அவர் கையில் மரப்பு ஏறியது. கட்டைவிரல்... உள்ளங்கை... மணிக்கட்டு. எமில்டா மங்கையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அச்யுதனின் வலது கையுறைக்குள் ரத்தம் தேங்கி நின்றது. ஊசி அவருடைய விரலிலேயே ஏறியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

பெரிய ஊசியைப் போடுவதற்கு விரல்தான் கண். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிரிஞ்சை அழுத்தும்போது கட்டைவிரலுக்கு ஒரு எதிர்ப்பு தெரியும். அந்த எதிர்ப்பு எங்கே விடுபடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால்... ஜீவமணிக்கு ஆனதுதான். விரல் மரத்தவன் அந்த ஊசியைத் தொடவே கூடாது. அச்யுதனுக்கு அது தெரியாதா? வேண்டாம் என்று கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தார்.

கை வரவில்லை.

வலது கை பெரிய ஊசியை எடுத்தது. நடுக்கமே இல்லாமல், அழகாக, முதுகெலும்பை எண்ணி இடம் பார்த்தது.

"எமில்டா, என் கையைப் பிடி," என்றார். "நான் பண்ணல... இது நான் பண்ணல. கையைப் பிடி."

எமில்டாவின் இரண்டு கைகளும் மங்கையின் தோளில் இருந்தன. எடுத்தால் மங்கை அசைவாள். ஊசி ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அதற்குமுன் ஒருத்தியை அவர் பேச்சைக் கேட்டுத்தானே பிடித்திருந்தாள். இப்போதும் பிடித்தாள். அறையில் அந்த ஸ்பிரிட் வாடையோடு ஈர உப்பு வாடையும் சேர்ந்து அடித்ததாம். அச்யுதன் அழுதுகொண்டே தன் கட்டைவிரல் சிரிஞ்சை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மங்கையின் உடம்பு தளர்ந்தது. "அப்பாடா," என்றாள். "போயிடுத்துன்னா. ஒண்ணுமே தெரியல."

அச்யுதன் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று. நிற்கவில்லை. மங்கை சிரித்துப் பேசிக்கொண்டே பெற்றாள். பெண் குழந்தை. பிறந்ததுமே ஆஸ்பத்திரியே அதிர அழுதது. இவ்வளவு சுத்தமாகப் போட்ட முதுகு ஊசியைப் பார்த்ததே இல்லை என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா அச்யுதனின் தோளைத் தட்டினாள். அவருடைய கையும் சரியாகிவிட்டது. ஊசி குத்திய விரலில் சாயங்காலம் வலி தெரிந்தபோது, பெருமாளே என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் சொல்லப் போகிறேன்?

மங்கைக்கு மருந்தின் வேகம் இறங்கியது. எழுந்தாள், நடந்தாள். முதுகில் ஊசி போட்ட இடம் மட்டும் மரத்தே இருந்தது. உள்ளங்கை அகலம். மறுநாள் அது கொஞ்சம் அகன்றது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். முதுகைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. வயிறு. அங்கிருந்து மேலே. கை கால் எல்லாம் நன்றாக அசைந்தது, மூச்சும் சீராக இருந்தது. தோலுக்கு மட்டும் தொடுவது தெரியாது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள்.

தினமும் காலையில் அச்யுதன் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவார். தொடுவார். "தெரியறதா?" இல்லை என்பாள். கொஞ்சம் மேலே தொடுவார். "இங்கே?" மரப்பு கழுத்துக்கு ஏறுகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தார் அவர். ஊரில் ஒரு கேஸுக்கும் போவதில்லை. போன் அடித்தால் நடுங்குவார். மங்கைக்கு இதெல்லாம் தெரியாது. பால் கொடுத்துக் கொடுத்து மார்பில் வெடிப்பு விழுந்து உயிர் போகிற வலி அவளுக்கு. மரப்பு அங்கே ஏறியதும் அந்த வலியும் நின்றுபோனது. "இதுவும் நல்லதுக்குத்தான்," என்று பத்மப்ரியாவிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

எனக்கு ஜீவமணி மேல் கோபம்தான். சொல்லிவிடுகிறேன். குத்தினவன் அவன். வாங்கினால் அவனிடம் வாங்க வேண்டியதுதானே? மங்கை என்ன செய்தாள்? அந்தப் பச்சை மண் என்ன செய்தது? ஆனால் நான் கேட்டு என்ன ஆகப் போகிறது? ஜீவமணியின் பிள்ளைக்காக யார் கேட்டார்கள்?

ஒரு நாள் நன்றாக விடிந்து, பால்காரன் வந்து போய்விட்டான். அச்யுதன் காபியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். மங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். முந்தானைக்குள் அதன் தலை. அரைத்தூக்கத்தில் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதேங்கோ," என்றாள். "சமத்தா குடிச்சிண்டிருக்கு. ரொம்ப நாழியா விடவே இல்ல."

அச்யுதன் முந்தானைக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பார்த்தார். அதன் நிறத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா அந்த நிறம்? மூக்கு மார்பில் அமுங்கிக் கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும். எந்தத் தாயும் அதை உணர்ந்து விலக்கியிருப்பாள். பால் குடிக்கிற இழுப்பு நின்றது கூட இவளுக்குத் தெரியவில்லை. காபி டம்ளர் கையிலிருந்து விழுந்து உருண்டது.

அந்தச் சத்தத்தில் மங்கைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை விழித்தாள். முகம் மலர்ந்தது.

"ஏன்னா... வந்துடுத்து. எல்லாம் தெரியறது எனக்கு. முதுகுல போர்வை படறது தெரியறது, காத்து படறது தெரியறது..."

அச்யுதன் குழந்தையை எடுக்கக் கையை நீட்டினார்.

மங்கை குனிந்து மார்பைப் பார்த்தாள். புருவம் மெல்லச் சுருங்கியது.

"ஏன்னா, இதோட வாய் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"